வயிற்றைக் கழுவி மலையிறங்கிய நாள்

1

இன்று காலை வந்த தபாலில் என் பெருங்குடலைப் பற்றி ஒரு கடிதம் இருந்தது. மூன்று வருடம் முடிந்துவிட்டதாம், மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம், வசதியான நாளைச் சொல்லுங்கள் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள். என் கணவர் அதை வாசித்துவிட்டு ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து அலமாரி மேல் போட்டேன். சாப்பாடு இருக்கிற மேஜையில் அந்தப் பேச்சு எனக்கு ஆகாது.

இந்த ஜெர்மானியர்களுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் தட்டை நீட்டும்போதே எண்பது வயதுக் கிழவர்கள் நேற்று போனதா, இன்று போனதா, எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் வெண்ணெய் தடவுவார்கள். வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. குளிருக்குப் பழகினேன், பன்றிக்கறி வாசத்துக்குப் பழகினேன், இதற்கு மட்டும் பழகவில்லை. சிறுவயதிலிருந்தே நான் அருவருப்புக்காரி. அடுத்தவர் குடித்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்குக் கால் கழுவிவிடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்தேன்.

அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன் என்றால் காரணம் என் அண்ணன். கொல்லிமலையில், பைல் நாடு என்கிற ஊர்ப்பகுதியில், மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

2

எனக்கு ஐம்பது வயது முடிந்ததும் மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குடல் புற்றுநோய் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம், உங்கள் மருத்துவரைப் பாருங்கள் என்று. ஒரு நோவும் இல்லாதவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று குழப்பத்தோடு போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் அடுத்த முறை வரும்போது ‘ஷ்டூல்’ கொண்டுவரச் சொன்னாள். ஜெர்மன் மொழியில் ஷ்டூல் என்றால் நாற்காலி. மொழி வகுப்பில் முதல் வாரமே நாற்காலியைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. காத்திருக்கும் இடத்தில் கூட்டம் அதிகம், உட்கார இடமில்லாமல் கொண்டுவரச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, “எவ்வளவு பெரியது?” என்று கேட்டேன்.

“பட்டாணி அளவு போதும்” என்றாள்.

நான் விழித்ததைப் பார்த்து, அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதைக் கையைப் பின்னால் காட்டி விளக்கினாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் காது எரிந்தது. அவள் கொடுத்த சிறு குழாயைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, அதில் ஏற்கெனவே ஏதோ இருப்பதுபோல் பையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி வீடு வந்தேன்.

ஒன்பது நாள் அந்தக் குழாயைத் தொடவில்லை. பத்தாம் நாள் கணவர் திட்டினார். குழாயோடு வந்த காகிதப் பட்டையைக் கழிப்பறைக் கிண்ணத்தின் குறுக்கே ஒட்டி, குச்சியால் கிளறி, குழாயில் செருகி மூட வேண்டும். மறுநாள்தான் கொடுக்க முடியும் என்றால் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லித் தாளில் போட்டிருந்தது. தயிர் இருக்கிற இடத்தில் அதை வைக்க எனக்குச் சம்மதமில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்த பால்கனியில், காலிப் பூந்தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறது என்று முடிவு வந்தது. அடுத்தது குழாய்ச் சோதனை. முந்தின நாள் முழுக்க ஒரு மருந்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும். எலுமிச்சை வாசம் போட்ட கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொழகொழவென்று. அன்றைக்குக் கழிப்பறையிலேயே குடியிருந்தேன். மறுநாள் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். வலியே தெரியவில்லை. விழித்ததும் ஒல்லியான ஒரு பெண் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, குடலின் உள்சுவரில் இரண்டு சதை வளர்ச்சிகள் இருந்தன, இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டோம், அதில் பெரியதை அப்படியே விட்டிருந்தால் சில வருடங்களில் புற்றாக மாறியிருக்கும் என்று சொன்னார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று எழுத வேண்டிய தாள்.

“உங்கள் அப்பா எதனால் இறந்தார்?”

“வயிற்று நோவு.”

“வயிற்று நோவு என்பது நோயில்லை. என்ன நோய்?”

எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐம்பது வயதில், சொந்த அப்பா எதனால் செத்தார் என்று தெரியாமல் அந்தக் கட்டிலில் கிடந்தேன்.

“ரத்தம் போயிற்றா?” என்று அவரே கேட்டார்.

3

போயிற்று. அதுதான் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறைக்கு மலைக்கு வந்தபோது அப்பா மாட்டுக்கொட்டகையை ஒட்டின அறையில் கிடந்தார். வீட்டு வாசலுக்கு வருமுன்னே அந்த நாற்றம் வந்துவிட்டது. அழுகிய மாமிசமும் பழைய ரத்தமும் கலந்த மாதிரி. அம்மா துணிகளைச் சாம்பல் போட்டு வெந்நீரில் அலசிக் கல் மேல் காயப்போட்டிருந்தாள். கறை போகவில்லை.

நான் அந்த நான்கு நாளும் வெளியே பலாமரத்தடியில், அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். ஒரு நாள் அப்பா கூப்பிட்டார். “கண்ணு, இப்படி வந்து பக்கத்துல உக்காரு” என்றார். நான் கதவருகே நின்றேன். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, “பரீட்சைக்குப் படிக்கோணுமுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த மாதம் அப்பா போய்விட்டார் என்று விடுதிக்கு ஆள் வந்தது.

அவருக்கு எல்லாவற்றையும் செய்தது அண்ணன். அப்போது அவருக்கு இருபத்தியோரு வயது இருக்கும். தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, கழிவைக் குழி வெட்டிப் புதைப்பது எல்லாம் அவர்தான். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்று நோவு என்று சொன்னோம். சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பிவிட்டேன்.

“உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

“ஒரே ஒரு அண்ணன்.”

“அவருக்குச் சோதனை செய்தாகிவிட்டதா?”

4

அண்ணனிடம் இதை எப்படிக் கேட்பது. எங்கள் பக்கம் அண்ணனும் தங்கையும் மழை, மிளகு விலை, மாடு, கோயில் நோன்பு இவற்றைப் பேசுவோம். வெளியே போவதைப் பற்றிப் பேச மாட்டோம். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அண்ணிக்குப் போன் செய்து, அண்ணனுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அண்ணி எழுந்து வீட்டுக்கு வெளியே வரும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “உனக்கு யாரு சொன்னது அம்மிணி?” என்றாள்.

“எதைங்க அண்ணி?”

“உங்கண்ணனுக்கு ஒண்ணரை வருசமா ரத்தம் போகுது. மூலம்னு சொல்றாரு. கீழ ஒருத்தருகிட்ட மாசம் ஒருக்கா போய்ட்டு வாராரு. ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலைமேல கையை வெச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரு.”

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று பேருந்து நிலையச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும். மூத்திர நாற்றத்துக்கு நடுவே அந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலே நான் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். அப்படி ஓர் ஆளிடம்தான் அண்ணன் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆள் ஒரு நாள்கூட உள்ளே பார்க்கவில்லை. தூரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, களிம்பும் மாத்திரையும் கொடுத்து, கோழியும் கத்திரிக்காயும் ஆகாது என்று சொல்லியனுப்பினான். ஒன்றரை வருடமாக ரத்தம் போகிற மனிதன் கத்திரிக்காயை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணனிடம் நேராகப் பேசினேன். “அதெல்லாம் மூலச்சூடு கண்ணு. நீ ஏன் அங்கிருந்து மண்டையை ஒடைச்சுக்கறே. பாப்பா நல்லா இருக்குதா?” என்று பேச்சை மாற்றினார்.

சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்து ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். அதற்கு ஏழு தாள் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில், அண்ணனின் குடல் என்று எழுதினேன். அந்த அலுவலகப் பெண் அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

5

அண்ணன் பஸ்ஸுக்கு வந்து நின்றார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. “வெயிலுல வேலை கண்ணு, அதான் எளச்சுட்டேன்” என்றார். கேட்காமலே சொன்னார்.

மூன்று நாள் அவரோடு மல்லுக்கட்டினேன். முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விடுவார், மரவள்ளி லாரி வருகிறது என்று போய்விடுவார். மூன்றாம் நாள் சாயந்திரம் வழியை மறித்து நின்றுகொண்டு, எனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குச்சி, குழாய், மருந்துத் தண்ணீர், பின்வழியாக விட்டுப் பார்த்தது எல்லாம். என் வாயால் அதையெல்லாம் சொல்வேன் என்று நானே நினைத்ததில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். காதுவரை கறுத்துவிட்டது முகம்.

“நீ பொம்பளப் புள்ள, உனக்கே அப்படிப் பண்ணிட்டாங்களா?” என்றார்.

“ஆமாங்கண்ணா.”

“சரி. போலாம். இதோட இந்தப் பேச்சை உட்டுரு.”

நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் நாள் வாங்கினோம். வயிற்றைக் கழுவும் மருந்து முந்தின நாள் சாயந்திரம் பாதி, விடிகாலையில் மீதி. நாமக்கல்லிலேயே அறை எடுத்துத் தங்கிவிடலாம் என்றேன். அந்நிய ஊரில், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ படுத்திருக்க, அந்தக் காரியம் தன்னால் முடியாது என்றார். அதில் மட்டும் அசையவில்லை.

வீட்டில் கழிப்பறை இருந்தது. அரசாங்கத்தில் கட்டிக்கொடுத்து எட்டு வருடமாகிறது. கதவைத் திறந்தால் உள்ளே உர மூட்டை, மிளகுச் சாக்கு, ஓட்டை மருந்தடிப்பான், கோழி அடைகாக்கிற கூடை. எல்லோரும் எப்போதும்போல் ஓடைப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணியும் ஒரு நாள் முழுக்க அதைக் காலிசெய்தோம். மூட்டைக்கு அடியில் எலி செத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி எடுக்கும்போது எனக்குக் குமட்டியது. கிண்ணம் முழுக்கச் சிலந்தி முட்டை. இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்பதால் கிணற்றிலிருந்து பதினெட்டுக் குடம் சுமந்து டிரம்மை நிரப்பினோம். வழியில் பார்த்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவள் ஓடைக்குப் போக மாட்டேன் என்கிறாள் என்று அண்ணி சொன்னாள். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சாயந்திரம் அண்ணன் முதல் டம்ளரைக் குடித்தார்.

“பினாயிலாட்ட இருக்குது கண்ணு.”

“மூச்சை அடக்கிட்டுக் குடிங்கண்ணா.”

பதினோரு தடவை உள்ளே போய்விட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும்போது நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். ஓடு போட்ட சின்ன வீடு, எங்கே போனாலும் சத்தம் கேட்டது. ஒருமுறை அண்ணி விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துவிட்டு வந்து, “செக்கச்செவேல்னு கெடக்குது அம்மிணி” என்றாள்.

6

காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்து ஊரில் எங்களுக்குப் பங்காளி முறையாகிறவர். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். அண்ணி மூடி போட்ட ஒரு பெயிண்ட் வாளி, இரண்டு குடம் தண்ணீர், பழைய வேட்டிகள் எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினாள். எனக்கு அந்த வாளியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புரியாததுபோல் முன்னால் பார்த்து உட்கார்ந்தேன்.

கொல்லிமலை ரோட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. வெறும் வயிற்றோடு போனாலே குடலைப் புரட்டும். மருந்து குடித்த வயிற்றோடு அந்த ரோட்டில் யாரும் போயிருக்க மாட்டார்கள். ஐந்து வளைவு தாண்டுவதற்குள் அண்ணன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். “நிறுத்தச் சொல்லு” என்றார். இறங்கிப் புதருக்குள் போனார். மறுபடி மூன்று வளைவு. மறுபடி நிறுத்தினோம். ஓட்டுநர் எதுவும் கேட்காமல் ஓரம் கட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றுகொள்வார்.

பாதி இறங்கியபோது பின்னால் இரண்டு பஸ். வளைவில் நிறுத்த இடமில்லை. அண்ணனால் அடக்க முடியவில்லை. அண்ணி வாளியைத் திறந்து வைத்து, சேலைத் தலைப்பை விரித்து அவரை மறைத்துக்கொண்டாள். ஜீப் வளைந்தது. வாளி சாய்ந்தது. நான் பிடித்தேன். பிடித்த கையிலும் மடியிலும் கொட்டிவிட்டது. வெதுவெதுப்பாக, ரத்த வாசத்தோடு.

அந்த நிமிடம் எனக்கு அண்ணன் மேல் பாசமெல்லாம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். வெறுப்புதான் வந்தது. ஒன்றரை வருடம் மறைத்தாரே என்று. எட்டு வருடம் கழிப்பறையில் உரம் அடுக்கினார்களே என்று. இந்த மலை, இந்த ரோடு, இந்த வெட்கம், என் உடம்பு, எல்லாவற்றின் மேலும் வெறுப்பு. கத்தியிருப்பேன். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “என்னை இங்கயே இறக்கி உட்டுட்டுப் போயிருங்க” என்று சொன்னார். தோள் குலுங்கியது. ஐம்பத்தேழு வயது மனிதர் சத்தமில்லாமல் அழுதார்.

அடிவாரத்தில் காரவள்ளியில் நிறுத்தினோம். ஓட்டுநர் ஒரு குடம் தண்ணீரை எடுத்து என் கையில் ஊற்றினார். பிறகு நான் தடுக்குமுன் அந்த வாளியை அவரே எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டு வந்து வைத்தார். “எங்கூட்டுலயும் ஒருத்தரு இப்படித்தான் போனாருங்க” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

7

குழாய் பாதி வழிகூடப் போகவில்லை. மலக்குடல் முடிந்து வளைகிற இடத்தில் கட்டி, வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டிருந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவர் முடிவு வரும்வரை காத்திருக்காமலே எங்களிடம் சொல்லிவிட்டார். கல்லீரல்வரை பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும், பரவாமலிருந்தால் அறுவைசிகிச்சையில் எடுத்துவிடலாம் என்றார்.

அண்ணி மருந்து வாங்கப் போனாள். அண்ணன் கட்டிலில் கிடந்தார். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“புத்துதானே கண்ணு?” என்று அவரே கேட்டார்.

“முடிவு வரட்டுமுங்கண்ணா.”

“எனக்குத் தெரியும். மொதல் தடவை ரத்தத்தைப் பாத்த அன்னைக்கே தெரியும். அப்பாவுக்கு வந்தது இதேதான். இதே வாசம்.”

“தெரிஞ்சுமா அந்த ஆளுகிட்டப் போய்க் களிம்பு வாங்கிட்டு இருந்தீங்க?”

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். “எட்டு மாசம் அப்பாவுக்கு நாந்தான் பாத்தேன். கடைசியில சோத்துல கை வெச்சா அந்த வாசம் வரும். எனக்கு அப்பாவே வெறுத்துப் போச்சு கண்ணு. எப்படா போவாருன்னு இருந்துச்சு. அவருக்கும் அது தெரியும், என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாரு. நாளைக்கு உங்கண்ணி அப்படி என்னையப் பாத்தா? அதுக்குத்தான் சொல்லுல. சட்டுனு போயிட்டா ஒரு தொந்தரவும் இல்லைன்னு இருந்தேன்.”

முப்பத்தாறு வருடமாக நான் மட்டும்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவள் என்று நினைத்திருந்தேன். துடைத்தவருக்கும் அருவருப்பாகத்தான் இருந்திருக்கிறது. அவர் ஓடவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். “நானும் கதவோரம் நின்னுட்டு வந்துட்டேனுங்கண்ணா” என்றேன். “பாத்தேன்” என்றார். 

கல்லீரலுக்குப் பரவவில்லை. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை என்று முடிவானது. அரசுக் காப்பீட்டு அட்டையில் அண்ணன் பெயர் சடையன். ஆதாரில் சடயன். அந்த ஒரு எழுத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஐந்து நாள் நடந்தேன். ஜெர்மனியில் ஏழு தாள், இங்கே ஒரு எழுத்து. வயிற்றுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.

கட்டியை எடுத்துவிட்டு, தைத்த குடல் ஆறும்வரை மேலே ஓரிடத்தில் குடலை வெளியே கொண்டுவந்து வயிற்றோடு ஒரு பை ஒட்டினார்கள். சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்றார்கள். அதுவரை வெளியே போவதெல்லாம் அந்தப் பையில். வயிற்றின் வலப்பக்கம் ஈரமான சிவப்புச் சதை, பூ மொட்டுபோல் என்று செவிலி சொன்னாள். எனக்குப் பூ ஞாபகம் வரவில்லை.

மலைக்குத் திரும்பியதும் அண்ணன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. முதல் நாள் பை கசிந்துவிட்டது. அண்ணி துணியோடு உள்ளே போனாள்.

“நீ போ. நானே பண்ணிக்கிறேன்.”

“கை நடுங்குது, என்னத்தப் பண்ணுவீங்க? நவுருங்க.”

“அசிங்கம் புள்ள. போ வெளிய.”

“அசிங்கந்தானுங்க. நான் இல்லைங்கிலயே. நாத்தம் கொமட்டுது. அதுக்காகப் போட்டுட்டுப் போயிருவாங்களா? கையை எடுங்க.”

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுடைய அறையில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நாற்றமே இல்லாததுபோல் எல்லோரும் நடந்துகொண்டோம். கட்டில் கிறீச்சிட்டது. “இன்னும் கொஞ்சம் கீழ புடி, வலிக்குது” என்றார் அண்ணன்.

மறுநாள் நான் மாற்றினேன். பையைப் பிரித்து, கழுவி, சுற்றிலும் துடைத்து, புதியதை வெட்டி ஒட்டினேன். முடித்துவிட்டு வெளியே போய் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். அண்ணனுக்குக் கேட்டிருக்கும். திரும்பி வந்தபோது, “கஞ்சி குடிச்சுட்டுப் பண்ணாத, வெறும் வயித்துல பண்ணு” என்று யோசனை சொன்னார். மூன்றாம் நாளும் வாந்தி எடுத்தேன். ஊருக்குக் கிளம்பும்வரை பழகவில்லை. பழகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பொய்.

8

என் மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. திரும்பி வந்ததும் அவளை உட்காரவைத்து, தாத்தா, மாமா, நான் என்று மூன்று பேருக்கும் குடலில் வந்திருக்கிறது, நீயும் நாற்பது வயதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். இவள் மாமாவோடு வீடியோவில் “நல்லா இருக்கீங்களா” என்பதற்கு மேல் பேசத் தெரியாதவள். மலைக்கு வந்தது இரண்டே முறை. தமிழ் அவளுக்கு வருடா வருடம் தேய்ந்துகொண்டு வருகிறது.

“அந்த ஊர்லேர்ந்து எனக்கு வந்தது இது ஒண்ணுதானா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.  அவள் கைபேசியை எடுத்து நாட்காட்டியில் இருபத்திரண்டு வருடம் தள்ளி ஒரு குறிப்புப் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அண்ணனுக்குப் புற்று மறுபடி வராமலிருக்க மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டவில்லை, விரல் நுனி மரத்துப்போயிற்று என்றார். ஒருமுறை பை நிரம்பியதை மறந்து மிளகு பறிக்க ஏணியில் ஏறி, கசிந்து, கொடியெல்லாம் வழிந்ததாம். அண்ணி போனில் சொல்லித் திட்டினாள். பின்னால் அண்ணன் ஏதோ சொல்வதும் கேட்டது. வாரம் ஒருமுறை பேசுவோம். முன்பு மிளகு விலை கேட்ட இடத்தில் இப்போது எத்தனை தடவை, என்ன நிறம் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டேன். போனில் முகம் தெரியாது.

ஏழாம் மாதம் பையை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துத் தைத்து உள்ளே வைத்தார்கள். வழி மறுபடி வேலை செய்ய வேண்டும், அதுவரை தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. வயிறு உப்பிக்கிடப்பதாக அண்ணி சொன்னாள். மூன்றாம் நாள் நான் வேலையில் இருந்தேன். மதியச் சூப்புக்கு இரண்டு பேர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தோம். நானும், என்னோடு பல வருடமாக வேலை செய்யும் போலந்து நாட்டுப் பெண்ணும். அதிகம் சிரிக்காதவள். போன் அடித்தது. அண்ணன். ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் பின்னால் கேட்டது, நாலு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“கண்ணு” என்றார். “இன்னைக்குப் போயிட்டேன்.”

“எங்கீங்கண்ணா?”

“வெளிய போயிட்டேன் கண்ணு. பழைய வழியில. நல்லாப் போச்சு. டாக்டரு கை குடுத்தாரு.”

நான் கரண்டி வைக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. சூப்புக் கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. போனை வைத்ததும் போலந்துப் பெண் என்ன ஆயிற்று, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, என் அண்ணன் மலம் கழித்துவிட்டார் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வந்து, என்னைக் கட்டிப் பிடித்து, “நல்லது, ரொம்ப நல்லது” என்றாள்.